சுவர் வரையாமல் பாகப்பிரிவினை: ஒரு கோலத்தைக் கிழித்து ஒட்டும் கொலாஜ், முழுமையான வழிகாட்டி

பிரிவைப் பற்றிப் படம் செய்ய உட்காருபவர் பெரும்பாலும் முதலில் போடுவது நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கம் கறுப்பு, அந்தப் பக்கம் வெள்ளை, இடையில் முள்வேலி. பார்ப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும்; ஆனால் எதுவும் உறைக்காது. அந்தப் படத்தில் இருக்கும் இரண்டு பக்கமும் ஒருநாளும் ஒன்றாக இருந்ததில்லை என்பதுதான் காரணம். முழுதாக இருந்த ஒன்று கண்ணெதிரே இரண்டானால்தான் அதைப் பிரிவு என்று மனசு ஏற்றுக்கொள்ளும். ஆகவே இந்த வழிகாட்டியில் சுவரே வரையப்போவதில்லை. முழுப் படம் ஒன்றைச் செய்து முடித்து, காயவிட்டு, அதன்பிறகு நிஜமாகவே கிழிக்கப்போகிறோம்.

எடுத்துக்கொள்ளும் விஷயம் நமக்கு நன்றாகத் தெரிந்தது: பாகம் பிரித்த வீடு. கூடத்தின் நடுவே செங்கல் சுவர் எழும்பியிருக்கும். மாடிப்படி ஒருவர் பாகத்தில், பூஜை அறை இன்னொருவர் பாகத்தில். ஆனால் குனிந்து தரையைப் பார்த்தால் இரண்டு பக்கமும் அதே ரெட் ஆக்சைடு சிவப்பு. ஓரத்தில் ஓடும் கறுப்புப் பட்டை சுவருக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வெளிவரும். பத்திரத்தில் கிணறு மட்டும் ‘பொது’ என்று இருக்கும். இந்த மூன்றும் போதும்: சிவப்புத் தரை, அதன்மேல் ஒரு சிக்குக் கோலம், பொதுவில் விட்ட கிணறு.

கோலத்தின் கணக்கு

சிக்குக் கோலத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் அழகு மட்டும் இல்லை. கையெடுக்காமல் புள்ளிகளைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடியும் ஒற்றை இழை அது. வெட்டினால் எங்கே வலிக்கும் என்று அதற்கே தெரியும்.

ஆனால் எல்லாப் புள்ளிக் கணக்கும் ஒற்றை இழையாக அமையாது. நேர்ப்புள்ளி வைத்து, அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் எல்லா இடத்திலும் இழைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும்படியும், ஓரங்களில் மட்டும் வளைந்து திரும்பும்படியும் போடும் சாதாரணப் பின்னலுக்கு ஒரு விதி உண்டு. வரிசைக்கும் பத்திக்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தி எதுவோ, அத்தனை தனித்தனி இழைகள் வரும். 5-க்கு 5 போட்டால் ஐந்து இழை. 6-க்கு 4 போட்டால் இரண்டு. பொது வகுத்தி 1 ஆக இருந்தால் மட்டுமே ஒற்றை இழை. இது தெரியாமல் 5-க்கு 5 போட்டுக் கிழித்தால், கிழிவதற்கு முன்பே ஐந்து துண்டாக இருந்த ஒன்றைத்தான் கிழித்திருப்போம்.

நாம் எடுப்பது குறுக்கே 7 பத்தி, மேலிருந்து கீழே 5 வரிசை. ஒற்றை இழை. இதை நான்காம் பத்திக்கும் ஐந்தாம் பத்திக்கும் நடுவே பிரித்தால் ஒரு பாகத்தில் 4 பத்தி, மற்றதில் 3. பாகம் ஒருபோதும் சரிபாதியாக விழுவதில்லை என்பதும் இதிலேயே வந்துவிடுகிறது. பிரியும் இடத்தில் 5 வெட்டுப்புள்ளிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு இழைகள். ஆக ஒவ்வொரு பாகத்திலும் 10 அறுந்த முனைகள். இன்னொன்றும் உண்டு. 4-க்கு 5, 3-க்கு 5 இரண்டுமே தனியாக மூடினாலும் ஒற்றை இழைக் கோலங்கள்தான். அதாவது ஒவ்வொரு பாகமும் தன் முனைகளைத் தனக்குள்ளேயே முடிந்துகொண்டு முழுக் கோலமாகிவிட முடியும். அப்படி மூடுவதா வேண்டாமா என்பதைக் கடைசியில் முடிவு செய்யலாம்.

தேவையானவை

300 ஜி.எஸ்.எம். பருத்தி வாட்டர்கலர் தாள் ஒன்று, 60 × 45 செ.மீ. அளவுக்கு வெட்டியது. மரக்கூழ்த் தாளும் வேலைக்கு ஆகும், ஆனால் கிழிந்த விளிம்பில் பருத்தி நார் காட்டும் பிசிறு அதில் வராது. புதுச்சேரியில் கையால் செய்யும் பருத்திக் காகிதம் இதற்கு அருமை, தடிமனானதாக வாங்குங்கள்.

அடிப்பலகைக்கு 6 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை), 75 × 60 செ.மீ. கேன்வாஸ் வேண்டாம். ஒட்டும்போது அழுத்தினால் துணி உள்வாங்கும், காய்ந்ததும் தாள் நடுவில் குழியும்.

கெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு) 250 மி.லி., மேட் மீடியம் (பளபளப்பில்லாத அக்ரிலிக் பசை; பின்னால் வெறும் ‘மீடியம்’ என்பதும் இதுவே) 250 மி.லி. அக்ரிலிக்கில் ரெட் ஆக்சைடு 60 மி.லி.; பர்ண்ட் அம்பர், யெல்லோ ஆக்கர், டைட்டானியம் வெள்ளை, கறுப்பு, நீலம் ஆகியவை சின்ன டியூப் ஒவ்வொன்று. கோலத்துக்குக் கல்மாவு ஒரு கைப்பிடி. அரிசி மாவு வேண்டவே வேண்டாம்: எறும்புக்குத் தர்மம் செய்வது வாசலில் நல்லது, சட்டத்துக்குள் நல்லதில்லை. மருதாணி வைக்கும் காலி கோன் இரண்டு. வெள்ளை டிஷ்யூ தாள், வெள்ளைப் பருத்தி நூல், தையல் ஊசி, குத்தூசி, புது பிளேடு, 2 அங்குலத் தட்டை பிரஷ், உருட்டித் தேய்க்க ரப்பர் உருளை. உருளை இல்லையென்றால் பழைய துணி சுற்றிய பூரிக்கட்டை.

பசை பற்றி ஒரு வார்த்தை. ஃபெவிக்கால் போன்ற வெள்ளைப் பசை மலிவு, பிடிப்பும் பலம். ஆனால் காய்ந்தபிறகும் ஈரம் பட்டால் இளகும். மேலே தண்ணீர்ப் பதத்தில் வண்ணம் பூசினால் ஓரம் எழும்பும். மேட் மீடியம் காய்ந்தால் காய்ந்ததுதான். ஆகவே அடியில் தெரியாத பெரிய பரப்புக்கு வெள்ளைப் பசையும், மேலே வண்ணம் படும் இடங்களுக்கு மேட் மீடியமும் என்று பிரித்துக்கொள்ளலாம். மைதாப் பசை வெள்ளிப்பூச்சிக்கு விருந்து. அதற்காகச் சுவரொட்டிக்காரர்கள் கலக்கும் மயில்துத்தத்தைச் சேர்க்க நினைக்காதீர்கள். அது விஷம், தாளையும் நாளடைவில் அரிக்கும்.

1. பலகை

ஓரங்களை உப்புத்தாளால் மழுங்கத் தேய்த்துத் தூசு துடைத்து, முன்னும் பின்னும் இரண்டு கை கெஸ்ஸோ பூசுங்கள். முதல் கை இடமிருந்து வலம், காய்ந்ததும் இரண்டாம் கை மேலிருந்து கீழ். முன்பக்கம் மட்டும் பூசினால் அந்தப் பக்கத்து ஈரம் காய்ந்து இழுக்கும்போது பலகை வில்லாக வளையும். வெட்டிய ஓரங்கள் பலகையின் முகத்தைவிட அதிகமாக உறிஞ்சும். அவற்றுக்கு ஒரு கை கூடுதலாக.

2. தரை

தாளுக்கு கெஸ்ஸோ பூச வேண்டாம். இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். அக்ரிலிக் என்பது பிளாஸ்டிக் தோல். தடிமனாக ஏறினால் கிழிக்கும்போது தாள் கிழியும், தோல் கிழியாது. ரப்பர் மாதிரி இழுபட்டு, ஒரு பக்கத்து வண்ணத்தை உரித்துக்கொண்டு வரும். ஆகவே மெல்லிய பூச்சாக மூன்று முறை.

ரெட் ஆக்சைடு ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு, மீடியம் அரைப் பங்கு. முதல் பூச்சு தாள் முழுவதும் ஒரே சீராக. இரண்டாவதில் பர்ண்ட் அம்பர் துளி சேர்த்து, ஆங்காங்கே கையால் தேய்த்தது போல். பழைய தரையின் பளபளப்பு நடமாடும் இடத்தில்தான் இருக்கும், மூலைகள் மங்கியிருக்கும், அதையே பின்பற்றுங்கள். மூன்றாவது பூச்சு மிகத் தண்ணீராக, பரப்பை ஒன்றாகக் கட்டுவதற்கு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் நன்றாகக் காயட்டும். தாள் நெளிந்தால் கவலை இல்லை. பின்பக்கம் லேசாக ஈரம் தொட்டு, இரண்டு பாலித்தீன் விரிப்புகளுக்கு நடுவே வைத்து ஓரிரவு பாரம் ஏற்றினால் படிந்துவிடும். செய்தித்தாள் வைத்து அழுத்தாதீர்கள். வெயில் காலத்தில் அக்ரிலிக் இளகி அச்செழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

ஓரத்திலிருந்து 3 செ.மீ. உள்ளே, நாலாபுறமும் 1 செ.மீ. அகலத்தில் கறுப்புப் பட்டை. தனிக் கறுப்பு வேண்டாம். கறுப்போடு அம்பர் கலந்தது. இந்தப் பட்டை சின்ன விஷயமாகத் தோன்றும். கிழித்தபிறகு ‘இது ஒரே தரையாக இருந்தது’ என்று மேலேயும் கீழேயும் சாட்சி சொல்வது இதுதான்.

3. புள்ளியும் இழையும்

புள்ளிகளுக்கு இடையே 6 செ.மீ. முதல் பத்தி இடது ஓரத்திலிருந்து 12 செ.மீ.; கடைசிப் பத்தி 48-ல் வரும். முதல் வரிசை மேலிருந்து 10.5 செ.மீ. பென்சிலால் மெல்ல வையுங்கள்.

இழையை நேராகக் கோனால் போடாதீர்கள். முதலில் வெளிர் பென்சிலில் போட்டுச் சரிபாருங்கள். குறுக்கே 30, நெடுக்கே 28, மொத்தம் 58 வெட்டுப்புள்ளிகள் இருக்க வேண்டும். ஒரு மூலையில் விரல் வைத்து இழையோடு போங்கள். எல்லா வெட்டுப்புள்ளியையும் இரண்டிரண்டு முறை தாண்டித் தொடங்கிய இடத்துக்கே வந்தால் சரி. முன்னதாகவே வந்துவிட்டால் எங்கோ ஒரு வெட்டுப்புள்ளியில் தாண்டாமல் திரும்பியிருக்கிறீர்கள்.

கோனுக்கான கலவை: சலித்த கல்மாவு இரண்டு பங்கு, மேட் மீடியம் ஒரு பங்கு, வெள்ளை வண்ணம் கால் பங்கு. பல் தேய்க்கும் பேஸ்ட் பதம். வெள்ளைப் பசையில் கலந்தால் காய்ந்ததும் சொறசொறவென்று வெடிக்கும். மீடியத்தில் கலந்தது கொஞ்சம் வளைந்துகொடுக்கும். கோனின் முனையை 2 மி.மீ. மட்டும் வெட்டுங்கள். இழையின் அகலம் 4 மி.மீ. இருக்கலாம், ஆனால் உயரம் 1.5 மி.மீ. தாண்டக்கூடாது. மேடாக இருந்தால் கிழிசல் அதில் முட்டி, இழையின் ஓரமாகவே வழுக்கிக்கொண்டு வேறு திசையில் போய்விடும்.

இழை ஒன்றையொன்று தாண்டும் இடத்தில் மேலே ஏற்றிப் போடாமல், வந்து நின்று, கைவிரல் அளவு விட்டு மறுபுறம் தொடங்கி, பின் ஊசியால் இணைப்பது நல்லது. கோலக்கை பழகியவர்களுக்கு இதெல்லாம் சொல்லத் தேவையில்லை. அவர்கள் மாவையே விரலால் இழுத்து முடித்துவிடுவார்கள். காய்வதற்கு 24 மணி நேரம். கடலோர ஊர்களில், ஐப்பசி கார்த்திகை மழையில், இரண்டு நாள்.

4. கிழிப்பதற்கு முன் ஒத்திகை

இது திரும்பப் பெற முடியாத வேலை. அதனால் மிச்சத் தாளில் அதே வண்ணத்தையும் இழையையும் போட்டு இரண்டு துண்டுகளாவது கிழித்துப் பாருங்கள். மூன்று விஷயம் தெரியவரும்.

முதலாவது, தாளின் நார் ஓட்டம். நார் ஓடும் திசையில் கிழிந்தால் ஓரளவு நேராகப் போகும். குறுக்கே கிழிந்தால் பல் பல்லாகக் கோணும். சின்னத் துண்டின் ஒரு பக்கத்தை நனையுங்கள். அது சுருளும்போது எந்தத் திசைக்குக் குழாயாகிறதோ, குழாயின் நீளவாக்குத்தான் நார்வாக்கு. தாளை வெட்டும்போதே நார் மேலிருந்து கீழாக அமையப் பார்த்துக்கொண்டால் பிற்பாடு தலைவலி இல்லை. கையால் செய்த காகிதத்தில் நார் எல்லாப் பக்கமும் போவதால் இந்தக் கணக்கு அநேகமாகப் பொருந்தாது.

இரண்டாவது, வெள்ளை விளிம்பு. வண்ணம் தாளின் மேல்பரப்பில் மட்டும் இருப்பதால், கிழிக்கும்போது ஒரு துண்டில் வெள்ளை உள்சதை பட்டையாகத் தெரியும். மற்றத் துண்டில் வண்ணம் ஓரம்வரை வந்து நிற்கும். எந்தத் துண்டைப் பிடித்து எந்தப் பக்கம் இழுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வெள்ளை இடம் மாறும். இரண்டு விதமும் செய்து பாருங்கள். படத்தில் யாருக்கு அந்தக் காயம் தெரிய வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். சிறிய பாகத்தில், மூன்று பத்தி இருக்கும் பக்கத்தில், வெள்ளை தெரிவது எங்கள் தேர்வு.

மூன்றாவது, இழை எப்படி முறிகிறது. பொடியாக உதிர்ந்தால் மாவு அதிகம். நீண்டு இழுபட்டால் இன்னும் காயவில்லை.

பிளேடால் வெட்டினால் என்ன என்று கேட்கலாம். வெட்டலாம், ஆனால் அதன் பொருள் வேறு. பிளேடு வெட்டு அலுவலகத்தில் போட்ட கோடு. வரைபடத்தின்மேல் பேனாவால் இழுத்தது. 1947 ஜூலை 8 அன்று இந்தியாவுக்கு வந்த பிரிட்டிஷ் வழக்கறிஞர் சிரில் ராட்கிளிஃப் தலைமையில் வரைந்த இந்திய-பாகிஸ்தான் எல்லை ஆகஸ்ட் 17-ல் வெளியானது. ஐந்தாறு வாரத்தில் முடிந்த பேனா வேலை. அலிகாரில் 1937-ல் பிறந்த ஓவியக் கலைஞர் ஜரீனா ஹாஷ்மி 2001-ல் செய்த மரச்செதுக்கு அச்சில் அந்தக் கோடு மட்டுமே இருக்கிறது. கவனிக்க வேண்டியது அதன் செய்முறை: கோட்டைச் செதுக்கவில்லை, கோட்டைச் சுற்றியிருந்த மரத்தையெல்லாம் செதுக்கி எடுத்திருக்கிறார். எஞ்சியது கோடு. நாடு பிரிந்ததற்கு அந்த முறை பொருந்துகிறது. வீடு பிரிவது வேறு. அது ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக் கிழிவது.

5. கிழித்தல்

காலைக் குளிர்ச்சியில் செய்யுங்கள். பகல் சூட்டில் வண்ணத்தோல் இளகி இழுபடும். கிழிசல் கோடு முன்புறத்தில் இடது ஓரத்திலிருந்து 34 செ.மீ. தாளைப் புரட்டியதும் இடம் வலம் மாறிவிடும் என்பதால் பின்புறத்தில் இடது ஓரத்திலிருந்து 26 செ.மீ. இந்த இடத்தில் அவசரப்பட்டு 34-லேயே குறித்துக்கொள்வது வழக்கமான விபத்து. வெட்டுப்புள்ளிகள் 33-ல் இருக்கின்றன. சரியாக அங்கேயே கிழித்தால் இரண்டு இழையும் ஒரே புள்ளியில் முடிந்து முனைகள் ஐந்தாகத்தான் தெரியும், ஒரு செ.மீ. தள்ளிக் கிழித்தால் பத்தும் தனித்தனியாக நிற்கும்.

பின்புறத்தில் அந்தக் கோட்டின்மேல் சின்ன பிரஷால் தண்ணீர் ஓட்டுங்கள். இரண்டு நிமிடம் விட்டு இன்னொரு முறை. நார் ஊறியதும் புரட்டி, முன்புறத்து வண்ணத்தோலில் மட்டும், இழைகள் இல்லாத இடங்களில், பிளேடு நுனியால் நூல் அளவு கீறல் போடுங்கள்; நேர்கோடாக வேண்டாம், விட்டு விட்டு. பிறகு மேலிருந்து இரண்டு விரல் அகலம் கிழித்து, பிடியை இறக்கி, மீண்டும் இரண்டு விரல் அகலம். ஒரே இழுவையில் கிழித்தால் பாதிக்குமேல் கோணும். இழை வரும் இடத்தில் கட்டைவிரலால் இருபுறமும் அழுத்திப் பிடித்து முறியுங்கள். உதிரும் துணுக்குகளை எறியாதீர்கள், ஒரு மூடியில் எடுத்து வையுங்கள்.

6. இடையில் என்ன இருக்கிறது

இரண்டு பாகத்துக்கும் நடுவே தெரியப்போகும் இடத்தில் பத்திரத்தின் வாசகம் அடியில் கிடக்கும். அதை முதலில் ஒட்டிவிட வேண்டும், பாகங்கள் அதன்மேல் ஏறும்.

வீட்டுப் பத்திரத்தின் அசலைத் தொடக்கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை. அதன் ஜெராக்ஸையும் பயன்படுத்தாதீர்கள். பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண், கைரேகை எல்லாம் அதில் இருக்கும், படம் எங்கு போகும் என்று தெரியாது. வாசகத்தை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். பத்திர நடைக்கு ஒரு மாதிரி: ‘மேற்படி நடுச்சுவருக்குக் கிழக்கு, பொது நடைபாதைக்கு வடக்கு, இதற்குட்பட்ட மச்சு வீடும் காலிமனையும், கிணற்றில் சரிபாதி பாத்தியமும், தண்ணீர் இறைக்கும் உரிமையும்.’ இரண்டு பாகங்களுக்கு ‘அ ஷெட்யூல்’, ‘ஆ ஷெட்யூல்’ என்று தலைப்பு இடுங்கள்.

லேசர் ஜெராக்ஸாக எடுங்கள். டோனர் ஈரத்தில் கரையாது; இங்க்ஜெட் அச்சு பசை பட்டதும் ஊதா நிறமாக வழியும். சந்தேகம் இருந்தால் ஈர விரலால் எழுத்தைத் தேய்த்துப் பாருங்கள். பழசாகக் காட்டத் தேநீரில் முக்குவது நிறையப் பேர் செய்வது. தேநீர் அமிலம், சில ஆண்டில் தாள் மொறமொறப்பாகும். யெல்லோ ஆக்கர் ஒரு துளியை இருபது துளித் தண்ணீரில் கலந்து பூசினால் அதே நிறம், கெடுதல் இல்லை. செய்தித்தாள் துண்டும் இப்படித்தான்: அசலில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சத்தில் பழுத்துப்போகும், நல்ல தாளில் நகல் எடுத்து ஒட்டுங்கள்.

பலகையின் நடுவில் 14 செ.மீ. அகலத்துக்கு இந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை ஒட்டுங்கள். வாசகம் நெடுக ஓடட்டும். வெளியே தெரியப்போவது இரண்டரை செ.மீ.தான், எந்த வாக்கியமும் முழுதாகப் படிக்கக் கிடைக்காது. அது நல்லதே.

வாசகமே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி காகிதக் கூழ். சிற்பியும் அச்சோவியருமான சோம்நாத் ஹோர் 1970-களில் செய்த ‘வூண்ட்ஸ்’ (காயங்கள்) வரிசை முழுக்க வெள்ளைக் கூழில் வெள்ளைக் காயங்கள்தான்; வண்ணம் அநேகமாகக் கிடையாது. பருத்தித் தாள் மிச்சங்களை ஓரிரவு ஊறவைத்து மிக்ஸியில் அடித்து, துணியில் பிழிந்து, ஒரு கிண்ணக் கூழுக்கு இரண்டு மேசைக்கரண்டி மீடியம் பிசைந்து இடைவெளியில் 3 மி.மீ. தடிமனில் அப்பலாம். காயும்போது சுருங்கி வெடிக்கும். இங்கே அந்த வெடிப்பைச் சரிசெய்யத் தேவையில்லை.

7. ஒட்டுதல், இடைவெளி, இறக்கம்

ஒட்டுமுன் உலர்ந்தபடியே வைத்துப் பாருங்கள். 3 மி.மீ. இடைவெளி, ஒட்டத் தெரியாதவர் ஒட்டியது போல் இருக்கும். 6 செ.மீ. தாண்டினால் இந்த அளவுப் படத்தில் இரண்டு தனிப் படங்களாகிவிடும், கோலம் மறந்துபோகும். இரண்டிலிருந்து மூன்றுக்குள் வையுங்கள், 2.5 நல்ல கணக்கு.

வலது பாகத்தைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும். எவ்வளவு என்பதில் ஒரு பொறி இருக்கிறது. இழைகள் பிரியும் இடத்தில் ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் போகின்றன. ஆகவே இடைவெளி எவ்வளவோ அதே அளவு இறக்கினால், பத்தில் ஐந்து இழைகள் இடைவெளியைத் தாண்டி மறுபக்கத்து முனையோடு நேராகப் போய்ச் சேர்வதுபோல் கண்ணுக்குத் தோன்றும். பிரிந்ததே தெரியாது. இறக்கம் 1 செ.மீ. மட்டும் வையுங்கள். எந்த இழையும் சேராது, ஆனால் எது எதனுடையது என்று தேடிக் கண்டுபிடிக்க முடியும். இந்தத் தேடல்தான் படத்தின் உயிர்.

இடத்தைப் பென்சிலால் குறித்த பிறகு ஒட்டலாம். உலர்ந்த தாளில் பசை தடவி உடனே ஒட்டுவதே சுருக்கம் விழுவதற்கு முதல் காரணம்: பசையின் ஈரத்தைக் குடித்துத் தாள் ஒட்டியபிறகு விரிகிறது, விரிய இடமில்லாமல் மடிகிறது. பின்புறத்தில் பசை தடவி ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். விரிய வேண்டியது விரியட்டும். வெள்ளைப் பசையானால் மூன்று பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர். பலகையிலும் மெல்லப் பூசி, தாளின் நடுவை முதலில் பதித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டுங்கள். இழைமேல் உருளை ஏறினால் நசுங்கும். அங்கே பஞ்சுத்துணியால் ஒற்றுங்கள். கிழிந்த விளிம்பின் பிசிறை மட்டும் ஒட்டாமல் விடுங்கள், அது கொஞ்சம் எழும்பி நிழல் விழட்டும். மேலே பாலித்தீன், அதன்மேல் மடித்த போர்வை, அதன்மேல் புத்தகங்கள், 12 மணி நேரம். காய்ந்தபின் எங்காவது கொப்புளம் இருந்தால் ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீர்ப் பசை ஏற்றி அழுத்தினால் போதும்.

8. முனைகளை என்ன செய்வது

அப்படியே விடலாம். இல்லையென்றால் பெரிய பாகத்தின் பத்து முனைகளையும் பக்கத்துப் பக்கத்து முனையோடு வளைத்து மூடி, சிறிய பாகத்தைத் திறந்தே விடலாம். ஒருவர் தன் வாசலில் புதுக்கோலம் போட ஆரம்பித்துவிட்டார், மற்றவர் இன்னும் இல்லை. இரண்டையும் மூடினால் படம் சமாதானமாகிவிடும். அதில் தவறில்லை, ஆனால் அது வேறு படம். மூடும் இழையைப் பழைய கலவையில் போடாதீர்கள். கொஞ்சம் கூடுதல் வெள்ளையாக இருந்தால் பிற்பாடு போட்டது என்று தெரியும்.

தையல் ஆசை இருந்தால் அளவோடு. ஒட்டிய பலகையில் ஊசி போகாது. ஆகவே நூலோட்டம் ஒட்டுவதற்கு முன்பே, விளிம்பிலிருந்து 8 மி.மீ. உள்ளே குத்தூசியால் துளையிட்டுச் செய்ய வேண்டும். பத்தில் இரண்டு மூன்று முனைகளிலிருந்து மட்டும் நூல் கிளம்பி, இடைவெளியில் தொங்கி, மறுபக்கம் போகாமல் நிற்கட்டும். எல்லாவற்றையும் தைத்தால் அது பிரிவின் படம் இல்லை, ரிப்பேர் வேலை. மஞ்சள் கயிறு, சிவப்பு நூல் இரண்டையும் தவிர்ப்பது நல்லது. அவை கையில் எடுத்த உடனே தாங்களே பேச ஆரம்பித்துவிடும்.

9. கிணறு

படத்தில் கிழியாத ஒரே பொருள். வெள்ளை டிஷ்யூ தாளில் நீலமும் கறுப்பும் அம்பரும் கலந்த மங்கல் வண்ணம் பூசிக் காயவையுங்கள். பட்டம் செய்யும் கலர் தாளை நேராக ஒட்டினால் மீடியம் பட்டதும் சாயம் கரைந்து சிவப்பில் ஊறும், வெயிலிலும் வெளுக்கும். 7 செ.மீ. விட்டமுள்ள வட்டமாக ஈரப் பிரஷால் சுற்றி வரைந்து கிழித்து, கீழ்ப்பாதியில், இடைவெளியின் மேலேயே, இரண்டு பாகத்தையும் தொட்டபடி ஒட்டுங்கள். இரண்டு அடுக்கு. இடைவெளிப் பள்ளத்தில் டிஷ்யூ உள்ளே சரியும். பிரஷ் நுனியால் அழுத்தி அதோடு போகவிடுங்கள். பத்திர எழுத்து அதன் வழியே மங்கலாகத் தெரியும். எடுத்து வைத்த இழைத் துணுக்குகளில் நாலைந்தை வட்டத்துக்குள் மீடியம் தொட்டுப் போடலாம்.

10. பிரிந்தபின் வயதாவது

பாகங்களுக்கு எதிரெதிர் நிறம் பூச வேண்டாம். ஒரே தரை இரண்டு வீட்டில் வேறு வேறாகத் தேய்ந்தது போதும். இடது பாகத்துக்கு வெள்ளை ஒரு பங்கு, மீடியம் பத்துப் பங்கு கலந்து ஒரே ஒரு மெல்லிய மேற்பூச்சு. சுண்ணாம்புத் தூசி படிந்தது போல் வெளிறும். வலது பாகத்தை அப்படியே விடுங்கள். வித்தியாசம் இரண்டு முறை பார்த்தால்தான் தெரிய வேண்டும். முதல் பார்வையிலேயே தெரிந்தால் ஈரத்துணியால் உடனே துடைத்துவிடுங்கள்.

ஒரு வாரம் காய்ந்தபிறகு மேட் வார்னிஷ் ஒரு கை. மழை நாளில் பூசினால் பால் படர்ந்தது போல் வெளுத்துப்போகும், பிற்பாடு போக்குவது கஷ்டம். வெயில் தெளிந்த நாளுக்குக் காத்திருங்கள். கண்ணாடி போட்டுச் சட்டமிடுவதானால் கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே குறைந்தது 5 மி.மீ. இடம் விடச் சொல்லுங்கள். ஒட்டிக் கிடந்தால் இழை நசுங்கும், புழுக்கத்தில் வண்ணத்தோல் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். சட்டத்தின் பின்னால் கீழ்மூலைகள் இரண்டிலும் கார்க் துண்டு ஒட்டுங்கள். சுவருக்கும் பலகைக்கும் நடுவே காற்றுப் போனால் ஓதம் ஏறாது, வெள்ளிப்பூச்சியும் குடியேறாது.

பலகையும் இரண்டாகவே இருக்கட்டும் என்று நினைத்தால் 42 × 60, 34 × 60 செ.மீ. அளவில் இரண்டு எம்.டி.எஃப். எடுத்து, கிழிந்த ஓரம் பலகையின் உள்விளிம்பை ஒட்டி வரும்படி ஒவ்வொரு பாகத்தையும் பதியுங்கள். வலது பலகையை 1 செ.மீ. இறக்கி, 2.5 செ.மீ. இடைவெளி விட்டு மாட்டலாம். பத்திர வாசகத்துக்குப் பதிலாக மாட்டும் வீட்டின் சுவரே நடுவில் தெரியும். அப்போது கிணற்றை மட்டும் ஒட்ட முடியாது; எந்தப் பலகையில் வைப்பது என்று நீங்களும் கொஞ்ச நேரம் பஞ்சாயத்துப் பேச வேண்டியிருக்கும்.